வராத பாக்கி, ஏறாத கோர்ட்: பீன்யா சிறுதொழில்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பில்லும் போட்டாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. இந்த நிலைமையில் எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நான் வக்கீல் இல்லை. பெங்களூரு பீன்யாவில் சின்ன மெஷின் ஷாப்களுக்குக் கணக்கும் வசூலும் பார்ப்பவன். முதலாளிகளோடு சமரச மையத்துக்கும் நடுவர் விசாரிக்கும் ஆர்பிட்ரேஷன் அறைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய் வந்தவன். வக்கீல் கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் கையில் என்ன கொடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் சட்டம் தெரியாமல் தோற்பதைவிட வரிசை தெரியாமல் தோற்பதுதான் அதிகம். கோபம் வந்ததும் நோட்டீஸ் விடுகிறார்கள், அதற்குப் பதில் வந்த பிறகு கணக்கு எடுக்கிறார்கள், கணக்கு எடுத்த பிறகுதான் பர்ச்சேஸ் ஆர்டரைப் படிக்கிறார்கள். நடக்க வேண்டியது இதற்குத் தலைகீழ்.

ஒரு கேஸை வழி நெடுகக் கூட்டிக்கொண்டு போகிறேன். பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் உலோகம் குடையும் விஎம்சி மெஷின் வைத்திருக்கும் தர்மபுரிக்காரர் ஒருவர். பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜனவரி வரை புஷ் (நடுவில் துளையுள்ள உலோக உருளை) சப்ளை செய்தார். இரண்டு பேர் பெயரும் இங்கே வேண்டாம்.

1. முதலில் தொகை

"இருபத்தஞ்சு லட்சம் வரணும்ணே" என்றுதான் அவர் என்னிடம் வந்தார். டாலி கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்து பில் பில்லாகப் பார்த்தால் 18,40,000 ரூபாய். மீதி அவர் மனசுக்குள் போட்டு வைத்திருந்த வட்டி.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: பில் நம்பர், தேதி, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், டெலிவரி சலான், சரக்கு வந்ததற்கு அவர்கள் ஸ்டோர்ஸ் கொடுத்த ரசீதான ஜிஆர்என், வந்த பணம், பாக்கி. ஏதாவது ஒரு பில்லுக்கு ஜிஆர்என் இல்லையென்றால் அதை மறைக்காதீர்கள், தனியாகக் குறித்து வையுங்கள். எதிராளி ஓட்டையான அந்த ஒரு பில்லைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற முப்பது பில்லையும் சந்தேகத்துக்கு இழுப்பார்.

அடுத்து பாக்கியை மூன்றாகப் பிரியுங்கள். அவர்களே ஒத்துக்கொள்வது, தகராறு செய்வது, பதிலே சொல்லாதது. நம்ம ஆள் கேஸில் 11,00,000 ரூபாய்க்குத் தகராறே இல்லை. "அடுத்த மாசம்" என்ற பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 4,10,000 ரூபாய் ரிஜெக்‌ஷன் டெபிட் நோட், அதாவது சரக்கு சரியில்லை என்று அவர்கள் கழித்த தொகை. 3,30,000 ரூபாய் ரேட் வித்தியாசம். விலை ஏற்றத்தை வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொண்டவர்கள் பி.ஓ.வைத் திருத்தித் தரவில்லை. இப்படிப் பிரித்துப் போட்டதும், சண்டை 18 லட்சத்துக்கு இல்லை, ஏழரை லட்சத்துக்கும் குறைவு என்று தெரிந்தது.

பலரும் தேடிப் பார்க்காத இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று உங்கள் 26ஏஎஸ், அதாவது உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வருமான வரியின் பட்டியல். ஜாப் ஒர்க் பில்லுக்கு அவர்கள் டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருந்தால், அந்தப் பில் அவர்கள் புத்தகத்தில் ஏறிவிட்டது என்று பொருள். இன்னொன்று ஜிஎஸ்டி. உங்கள் பில்லைக் காட்டி இன்புட் கிரெடிட் (வரிக் கழிவு) எடுத்தவர் பிறகு "சரக்கே வரல" என்று சொல்வது கஷ்டம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும், பர்ச்சேஸ் ஆட்களுக்குத் தெரியாது. ஆகவே கடிதத்தின் நகல் அக்கவுண்ட்ஸுக்கும் போகட்டும்.

வாட்ஸ்அப் பேச்சு இருக்கும் பழைய போனை விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின்படி எலெக்ட்ரானிக் ஆதாரத்தோடு சான்றிதழ் வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வந்தவர் இருக்கிறார்.

2. மூன்று வருஷக் கடிகாரம்

பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. ஆர்பிட்ரேஷனுக்கும் அதே கெடு. கடைசி பில்லிலிருந்து எண்ணுவது தப்பு. ஒவ்வொரு பில்லுக்கும் பணம் தரவேண்டிய நாளிலிருந்து அதனதன் கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

இரண்டு விஷயங்கள் கடிகாரத்தைப் புதிதாக ஓட வைக்கும்: கெடு முடிவதற்குள் அவர்கள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டது, அல்லது அதற்குள் கொடுத்த பகுதிப் பணம். அதனால்தான் வருஷா வருஷம் மார்ச் 31 தேதியிட்ட பேலன்ஸ் கன்ஃபர்மேஷனில், அதாவது பாக்கி இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளும் தாளில், கையெழுத்தை வாங்கி வைக்கச் சொல்கிறேன். சண்டை வராத காலத்தில் கேட்டால் அக்கவுண்ட்ஸ் பையன் சீல் போட்டுக் கொடுத்துவிடுவான். சண்டை வந்த பிறகு கேட்டால் "லீகல்ல கேக்கணும் சார்" என்பான்.

போனில் "கண்டிப்பா தந்துடறேன்" என்று சொன்னதற்குக் கடிகாரம் அசையாது.

செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் அதற்கு வேறு கடிகாரம், ரொம்பச் சின்னது. பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் அவர்களுக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். "பேசித் தீத்துக்கலாம், செக்கைப் போடாதீங்க" என்று இழுத்து அடிப்பது பழைய தந்திரம். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், இந்தத் தேதிகளைத் தவற விடாதீர்கள்.

3. பி.ஓ.வின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அதில் தேட வேண்டியவை: ஆர்பிட்ரேஷன் என்ற சொல் இருக்கிறதா, அதன் இருப்பிடமாக எந்த ஊரைச் சொல்கிறது, நடுவரை நியமிப்பது யார், அதற்கு முன் பேசித் தீர்க்க இத்தனை நாள் என்று ஏதும் உண்டா.

ஊர் முக்கியம். இருப்பிடம் மும்பை என்று எழுதியிருந்தால், நடுவரை நியமிக்கக் கேட்பதும், தீர்ப்பை எதிர்ப்பதும் மும்பைக் கோர்ட்டில்தான். சரக்கு பீன்யாவில் செய்தது என்பதால் வழக்கு இங்கே வந்துவிடாது.

"எங்கள் மேனேஜிங் டைரக்டர் நியமிப்பவரே நடுவர்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். தகராறில் சொந்த நலன் உள்ள ஒருவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதலையாக நியமிக்கும் பிரிவுகளை ஏற்கவில்லை. ஆனால் அந்த நியமனத்தை ஒரு வார்த்தைகூட எதிர்க்காமல் போய் உட்கார்ந்துவிட்டு, தோற்ற பிறகு புலம்புவது வீண் செலவு. முதல் கடிதத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் போட்டுவிடுங்கள்.

4. எந்த வாசல்?

இதைத் தீர்மானிக்க மூன்று கேள்விகள் போதும்.

சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் சரக்கு போவதற்கு முன்பே இருந்ததா? நீங்கள் மைக்ரோ அல்லது ஸ்மால் வகையா? இருந்தால் சிறுதொழில்காரர்களின் பாக்கித் தகராறைக் கேட்கும் மாநில அரசின் எம்எஸ்இ ஃபெசிலிடேஷன் கவுன்சில்தான் முதல் வாசல். பி.ஓ.வில் ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தாலும் கவுன்சிலுக்குப் போகலாம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

உத்யம் இல்லை, பி.ஓ.வில் ஆர்பிட்ரேஷன் இருக்கிறது என்றால் நேராக ஆர்பிட்ரேஷன்.

இரண்டும் இல்லை, தொகை 3 லட்சத்துக்குக் குறையவில்லை என்றால் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு, அதாவது வழக்குக்கு முந்தைய சமரசம். அவசரத் தடை ஏதும் கேட்காத வழக்குக்கு இது விருப்பம் இல்லை, கட்டாயம். இதைத் தாண்டிப் போட்ட வழக்கு வாசலிலேயே தள்ளப்படும் என்று 2022 ஆகஸ்ட் 17 தீர்ப்பு சொல்கிறது. நம்ம தர்மபுரிக்காரருக்கு இந்த வாசல்தான். உத்யம் எடுத்தது 2023 மார்ச்சில், சரக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு. பின்னால் எடுத்த பதிவு முன்னால் போன சரக்குக்கு உதவாது என்றுதான் மேலே சொன்ன 2022 அக்டோபர் தீர்ப்பு சொல்லியிருந்தது.

இன்னும் உத்யம் எடுக்காதவர்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். பதிவுக்குக் காசு கிடையாது. வாங்கி விற்பவர்களுக்கும் 2021 ஜூலையிலிருந்து உத்யம் உண்டு, ஆனால் அது பேங்க் கடனுக்கு மட்டும்தான். இந்தக் கவுன்சில் வழி அவர்களுக்கு இல்லை.

"என்சிஎல்டில திவால் போட்டா நடுங்கிடுவான்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். என்சிஎல்டி என்பது கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். குறைந்தபட்சம் 1 கோடி பாக்கி வேண்டும், முன்பே தகராறு இருந்தால் மனு நிற்காது. அது வசூல் செய்யும் இடமும் இல்லை. விட்டுவிடுங்கள்.

5. நோட்டீஸ் எழுதும்போது

இத்தனை வேலையும் முடிந்த பிறகுதான் நோட்டீஸ். இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. தொகை, பில் பட்டியல் இணைப்பு, தேதி, எந்தச் சட்டத்தின் கீழ் அடுத்து எங்கே போவோம், 15 நாள் கெடு. இவ்வளவுதான்.

"ஏமாற்று, மோசடி, போலீஸ்" என்ற வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். நாளைக்கு அதே பர்ச்சேஸ் ஹெட் எதிரே உட்காரும்போது அந்த வார்த்தைகளும் மேஜைக்கு வரும். பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய முதல் ஒரு மணி நேரம் மானத்தைப் பற்றிப் பேசுவதில் போய்விடும்.

குறைத்து வாங்கத் தயார் என்பதை நோட்டீஸில் எழுதவே எழுதாதீர்கள். அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தால், உரிமைக்குப் பாதகமின்றி எழுதுவது என்று மேலே போட்டு, தனியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன குறைந்த தொகைதான் அவர்களுக்கு ஆரம்பத் தொகை.

6. கவுன்சில் வழி

எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் விண்ணப்பம். கவனிக்க வேண்டியது, சப்ளை செய்தவர் இருக்கும் மாநிலத்தின் கவுன்சில்தான் விசாரிக்கும். வாங்கியவர் புனேயில் இருந்தாலும் அவர் இங்கே வர வேண்டும். சின்ன ஆளுக்கு இதைவிடப் பெரிய உதவி எம்எஸ்எம்இ சட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் எத்தனை நாள் சொன்னாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் பேங்க்கின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு. பேங்க் ரேட் 6 சதவீதமாக இருக்கும் காலத்துக்கு 18 சதவீதம். ரேட் மாறிய தேதிகளை வைத்து எக்செல்லில் தனித்தனியாகப் போடுங்கள். கடைசி ரேட்டையே எல்லா மாதத்துக்கும் போட்டு வருவது வழக்கமான தப்பு.

சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே இந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஐந்து மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டுக்கு இதுதான் மருந்து.

கவுன்சில் முதலில் சமரசம் பேசும், சரிவராவிட்டால் ஆர்பிட்ரேஷன். சட்டம் 90 நாள் என்கிறது. அதை நம்பி மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்காதீர்கள். ஆனால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டால், அதை எதிர்க்கப் போகும் கம்பெனி 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் கோர்ட்டில் பேச முடியும். பல கம்பெனிகள் சமரசத்துக்கு இறங்குவது இந்த 75-க்குப் பயந்துதான்.

7. 12ஏ மனு

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் ஃபாரம் 1 மனு, 1,000 ரூபாய் கட்டணம். ஆணையமே எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பும். பதில் இல்லாவிட்டால் இன்னொரு முறை. அப்போதும் வராவிட்டால் சமரசம் தொடங்கவில்லை என்று அறிக்கை தருவார்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். வழக்குப் போட அதுதான் டிக்கெட்.

எதிராளி ஒப்புக்கொண்டு வந்த பிறகுதான் சமரசருக்கான கட்டணம், ஆளுக்குப் பாதி. 3 முதல் 10 லட்சம் வரை 15,000; 10 முதல் 50 லட்சம் வரை 30,000; 50 லட்சம் முதல் 1 கோடி வரை 40,000; 1 முதல் 3 கோடி வரை 50,000; அதற்கு மேல் 75,000 ரூபாய். நம்ம ஆளுக்குப் பங்கு 15,000 வந்தது. மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். அந்த நாட்கள் மூன்று வருஷக் கெடுவில் சேராது.

இங்கே செய்யும் பெரிய தப்பு, "இது சும்மா ஒரு சடங்கு, ஃபெயில் ரிப்போர்ட் வாங்கிட்டு கேஸ் போடலாம்" என்று வக்கீலின் ஜூனியரை மட்டும் அனுப்புவது. வழக்கு முடியப் போகும் வருஷங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த மூன்று மாதம்தான் உங்களுக்கு இருப்பதிலேயே மலிவான மூன்று மாதம்.

8. முந்தின நாள் ராத்திரி

ஒரு துண்டுச் சீட்டில் மூன்று எண் எழுதுங்கள்: கேட்பது, சந்தோஷமாக வாங்கிக்கொள்வது, இதற்குக் கீழே எழுந்து வந்துவிடுவது. மூன்றாவது எண்ணை உணர்ச்சியில் போடக் கூடாது. வழக்குக்குப் போனால் ஆகும் வக்கீல் செலவு, கோர்ட் கட்டணம், பணம் முடங்கிக் கிடக்கும் காலத்துக்கு உங்கள் ஓவர்டிராஃப்ட் வட்டி எல்லாம் கழித்துப் பாருங்கள். நம்ம ஆள் முதலில் 18,00,000 என்று எழுதினார். கழித்துப் பார்த்தபின் அவரே அடித்துவிட்டு 15,50,000 என்று எழுதினார்.

வீட்டம்மாவும் கையெழுத்துப் போடும் பார்ட்னர் என்றால் அன்றைக்கே அந்த எண்ணை அவரிடமும் சொல்லிவிடுங்கள். அறையில் ஒத்துக்கொண்டு வந்து, வீட்டில் மறுப்பு வந்து, அடுத்த வாரம் பின்வாங்குவதைப்போல் கெட்ட பெயர் வேறில்லை.

எதிராளி கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டி எடுக்கலாம். பணம் இல்லாதவரிடம் மொத்தமாகக் கேட்டுப் பயனில்லை, இருப்பவருக்குத் தவணை கொடுக்கத் தேவையில்லை.

9. அறைக்குள்

முதல் இரண்டு சிட்டிங்குக்கு எதிராளி அனுப்பியது ஒரு அக்கவுண்ட்ஸ் பையனை. "மேலே கேட்டுச் சொல்றேன்" தவிர அவனிடம் வேறு பதில் இல்லை. இரண்டாவது முறையே நாங்கள் சமரசரிடம், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அதிகாரக் கடிதத்தோடு வர வேண்டும் என்று கேட்டோம். இதை முதல் சிட்டிங்கிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் என் தப்பில் போனது.

மூன்றாவது சிட்டிங்கில் பர்ச்சேஸ் ஹெட் வந்தார். நல்ல மனிதர்தான். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்) என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். பேச்சு ரிஜெக்‌ஷனில் வந்து நின்றது. துளை பெரிதாகிவிட்டது, துளை அளவு பார்க்கும் பிளக் கேஜின் நோ-கோ பக்கம், அதாவது சரியான துளைக்குள் நுழையக் கூடாத பக்கம், உள்ளே போகிறது, அதனால் தள்ளினோம் என்றார். கையோடு நாலு புஷ்ஷும் அவர்கள் கேஜும் கொண்டுவந்திருந்தார். மேஜை மேல் வைத்துச் சொருகிக் காட்டினார். போனது.

நம்ம ஆள் ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய அவருடைய கேஜை எடுத்தார். அதே நாலு புஷ். நோ-கோ பக்கம் மூன்றில் போகவில்லை, ஒன்றில் போனது.

சமரசருக்கு மெஷின் தெரியாது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ரெண்டு கேஜிலயும் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல என்ன தேதி?" எங்கள் கேஜுக்குக் காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) கெடு இன்னும் இருந்தது. அவர்கள் கேஜுக்கு, அந்த ரிஜெக்‌ஷன் நடந்த மாதத்துக்கு எட்டு மாதம் முன்பே முடிந்திருந்தது. தேய்ந்துபோன நோ-கோ, சரியான துளைக்குள்ளும் இறங்கும். பர்ச்சேஸ் ஹெட் அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

எல்லா கேஸிலும் இப்படி ஸ்டிக்கர் கிடைக்காது. நான் சொல்ல வருவது, தகராறுக்குரிய பொருளையே எடுத்துக்கொண்டு போங்கள் என்பது. காகிதத்தில் நாலு சிட்டிங் இழுப்பதைப் பொருள் பத்து நிமிஷத்தில் முடிக்கும். சமரசரிடம் தனியாகப் பேசும் நேரத்தில் உங்கள் பலவீனத்தையும் சொல்லிவிடுங்கள். ஒன்றில் போனதே, அதை நாங்களே ஒத்துக்கொண்டோம். உங்கள் அனுமதியில்லாமல் அவர் அதை அந்தப் பக்கம் சொல்ல மாட்டார். அறையில் பேசியது எதையும் பிறகு கோர்ட்டில் சாட்சியாக வைக்க முடியாது, ரெக்கார்ட் செய்யவும் கூடாது. சட்டைப் பையில் போனை ஓடவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் பேச்சு அங்கேயே முறியும்.

ரிஜெக்‌ஷனில் 90,000 விட்டோம், ரேட் வித்தியாசத்தில் 75,000 விட்டோம். வட்டி கேட்கவில்லை. 16,75,000 ரூபாயில் முடிந்தது.

10. ஒப்பந்தத்தை அங்கேயே எழுதுங்கள்

"பேசியாச்சு, மெயில் போட்டுடறோம்" என்று எழுந்திருக்க விடாதீர்கள். அன்றைக்கே, அந்த அறையிலேயே எழுதிக் கையெழுத்து. 12ஏ-யில் எழுதிய ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்புக்குச் சமமான பலம் உண்டு. மீறினால் நேராக நிறைவேற்றக் கேட்டுப் போகலாம். வெளியே தர்ஷினி ஓட்டலில் காபி குடித்தபடி எழுதிக்கொண்டது வெறும் ஒப்பந்தம்தான், அதை மீறினால் திரும்ப முதலிலிருந்து.

எங்கள் தாளில் எழுதியது இவை: கையெழுத்தன்று 4,75,000, பிறகு மூன்று மாதத்துக்கு மாதம் 4,00,000, தேதியோடு. எந்த அக்கவுண்டுக்கு ஆர்டிஜிஎஸ் என்பது. டிடிஎஸ் இனிமேல் பிடிப்பதில்லை, முன்பே பிடித்தாயிற்று என்பது. மிச்ச புஷ்களை யார் செலவில் யார் எடுப்பது என்பது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு தவணை ஏழு நாளுக்கு மேல் தவறினால் விட்டுக்கொடுத்த 1,65,000 திரும்ப ஏறும், பாக்கி முழுவதும் உடனே வட்டியோடு தர வேண்டும் என்ற பிரிவு. இந்தப் பிரிவு இல்லாத ஒப்பந்தத்தில் முதல் தவணை வரும், இரண்டாவதுக்கு மறுபடி போன் போட வேண்டும்.

கையெழுத்துப் போடுபவரின் அதிகாரத்தைப் பாருங்கள். கம்பெனி என்றால் போர்டு தீர்மானம். கூட்டு நிறுவனம் என்றால் எல்லாப் பார்ட்னரும். ஒரு பார்ட்னர் தானாக நிறுவனத்தின் பாக்கியை விட்டுக்கொடுக்கவோ, தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பவோ கூட்டாண்மைச் சட்டம் அவருக்குத் தானாக அதிகாரம் தரவில்லை. உங்கள் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

11. ஒத்துவராவிட்டால்: ஆர்பிட்ரேஷன்

பி.ஓ.வில் பிரிவு இருப்பவர்களுக்கு இது. பிரிவு இல்லாவிட்டாலும் தகராறு வந்த பிறகு இருவரும் எழுத்தில் சம்மதித்து வரலாம், ஆனால் அப்படிச் சம்மதிக்கும் எதிராளியை நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

முதல் படி, ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21-ஆம் பிரிவு நோட்டீஸ். இன்ன ஒப்பந்தம், இன்ன தகராறு, இதை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்புகிறோம், நடுவராக இன்னாரைச் சொல்கிறோம் என்று தெளிவாக. அது எதிராளி கைக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. ஆகவே போஸ்ட்டல் டிராக்கிங் பிரிண்டை எடுத்து வையுங்கள். "ஆர்பிட்ரேஷனுக்குப் போவோம்" என்று மிரட்டிய பழைய மெயில் இதற்குப் போதாது.

30 நாளில் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், இருப்பிடம் பெங்களூரு என்றால் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நியமன மனு. உயர் நீதிமன்றத்தோடு இணைந்த ஆர்பிட்ரேஷன் மையம் ரேஸ் கோர்ஸ் ரோடு கனிஜ பவனில் இருக்கிறது.

செலவை முன்கூட்டியே பாருங்கள். சட்டத்தின் நான்காவது அட்டவணையை அளவுகோலாக வைத்தால், 18,40,000 ரூபாய்க்கு 45,000-மும், 5 லட்சத்துக்கு மேலுள்ள 13,40,000-இல் 3.5 சதவீதமும், ஆக 91,900. தனி நடுவர் என்றால் இன்னும் 25 சதவீதம் சேர்ந்து 1,14,875 ரூபாய். மூன்று நடுவர் கேட்கும் பிரிவாக இருந்தால், சின்னத் தொகைக்கு ஒரே நடுவர் போதும் என்று எதிராளியிடம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் செலவு மிச்சம்தான்.

கோரிக்கை, பதில் எல்லாம் தாக்கலாக ஆறு மாதம், அதிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்ப்பு, இருவரும் சம்மதித்தால் இன்னும் ஆறு மாதம். வாய்தா கேட்பது எதிராளியின் வேலை. தேதிகளை ஒரு அட்டவணையில் போட்டு முதல் கூட்டத்திலேயே நடுவரின் உத்தரவாக வாங்கிக்கொள்வது உங்கள் வேலை. நடுவில் சமரசம் கூடிவந்தால் தனித்தாளில் எழுதாமல், அதையே சம்மதத் தீர்ப்பாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

12. பணம் வந்த பிறகு

தவணை ஒவ்வொன்றும் வந்த அன்றே எந்த பில்லுக்கு எதிராக என்று மெயில் போடுங்கள். கடைசித் தவணை கிரெடிட் ஆவதற்கு முன்னால் செக், பாண்ட் எதையும் திருப்பித் தராதீர்கள்.

ரிஜெக்‌ஷனுக்காக விட்டுக்கொடுத்த தொகைக்கு ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட முடியுமா என்று ஆடிட்டரிடம் உடனே கேளுங்கள். பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அதற்குக் கெடு. எங்கள் 90,000-க்கு அந்தத் தேதி சமரசத்துக்கு முன்பே தாண்டிவிட்டது. கட்டிய வரி கட்டியதுதான். அடுத்த கேஸில் ரிஜெக்‌ஷன் மட்டும் இருந்தால், அதை முதலில் பேசி முடித்துவிட்டு மற்றதை இழுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.